காலை 5.10-க்கு அந்த ஊர் எப்படி இருக்கும்? புறநகர் ஆலோசனைச் சேவை: எட்டு மாதம் கழித்து ஒரு விமர்சனம்

புறநகருக்கு மாறலாம் என்று பேச்செடுத்தபோது எங்கள் வீட்டில் நாலு பேருக்கு நாலு கணக்கு. நான் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு வாரம் காலை ஆறரைக்கு ஷிஃப்ட் தொடங்கும், அடுத்த வாரம் இரவு பத்துக்கு முடியும். கணவருக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் அலுவலகம், மற்ற நாளெல்லாம் வீட்டிலேயே கம்ப்யூட்டர். மகள் நான்காம் வகுப்பு. அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, இடது முழங்காலில் தேய்மானம். அவருக்கு ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். மருந்துக்கடைக்கும் நூலகத்துக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் தானே போய்வர முடியுமா என்பதுதான் கேள்வி.

இந்த நாலு கணக்கையும் ஒன்றாக்கித் தரும் என்று நம்பி, புறநகர்களை அலசி அறிக்கை கொடுக்கும் ஆலோசனைச் சேவை ஒன்றைப் பணம் கட்டி எடுத்தோம். அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே மாதிரி சேவைகள் இப்போது நிறைய இருக்கின்றன, விசாரித்தவரையில் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. கட்டணம் எங்களுடைய ஒரு மாத வாடகையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. குடிவந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. அறிக்கையில் சொன்னது எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று இப்போதுதான் நியாயமாக எழுத முடிகிறது.

நாற்பது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று அனுப்பினார்கள். அதை நிரப்பிக் கொடுத்தபின் பத்து நாளில் மூன்று புறநகர்களைப் பற்றி முப்பத்தாறு பக்க அறிக்கை வந்தது. பிறகு ஆலோசகர் ஒருவர் கூடவே வந்து இரண்டு நாள் நேரில் சுற்றிக் காட்டினார். அந்த மூன்று ஊர்களையும் ரயில்பக்கம், ஏரிப்பக்கம், சாலைப்பக்கம் என்றே இங்கே சொல்கிறேன். வீட்டில் நாங்கள் அப்படித்தான் பேசிக்கொண்டோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அறிக்கையின் ஐந்தாம் பக்கத்தில் இருந்த பயண நேர வரைபடம் ஒன்றுக்கே கொடுத்த பணம் தகும். என் மருத்துவமனையை நடுவில் வைத்து, அரை மணிக்குள் வரக்கூடிய இடமெல்லாம் அடர்நீலம், முக்கால் மணி என்றால் இளநீலம், ஒரு மணி என்றால் பச்சை என்று நகரம் முழுவதும் நிறம் தீட்டியிருந்தார்கள். வட்டம் வட்டமாக வரும் என்று நினைத்திருந்தேன். ரயில் பாதை போகும் திசையில் விரல் விரலாக நீண்டிருந்தது. பதினெட்டு கிலோமீட்டரில் இருக்கும் ஊர் பச்சையாகவும், அதையும் தாண்டி இருபத்தாறாவது கிலோமீட்டரில் இருக்கும் ஊர் இளநீலமாகவும் இருந்ததைப் பார்த்து என் கணவர் ஐந்து நிமிடம் அந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை. வீட்டு விளம்பரங்களில் எல்லோரும் கிலோமீட்டரைத்தான் போடுகிறார்கள். அன்றிலிருந்து நாங்கள் கிலோமீட்டரைப் பார்ப்பதை விட்டோம்.

இந்த வகை வரைபடம் பழைய சங்கதிதான். 1881-லேயே பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர், லண்டனிலிருந்து உலகத்தின் எந்தப் பகுதிக்கு எத்தனை நாளில் போய்ச் சேரலாம் என்று நிறம் பிரித்து ஒன்று வெளியிட்டிருக்கிறார். அதன் அடிக்குறிப்பில், போகும் இடத்தில் முன்னேற்பாடெல்லாம் செய்திருப்பதாகவும் மற்ற சூழ்நிலைகள் சாதகமாக இருப்பதாகவும் வைத்துக்கொண்டு போட்ட கணக்கு என்று அவர் சொல்லியிருப்பார். எங்கள் அறிக்கையிலும் அந்த மாதிரி ஒரு வரி இருந்திருக்க வேண்டும். இல்லை. வேலை நாள் காலை ஒன்பது மணிக்குப் போய்ச் சேருவதாக வைத்து எல்லாவற்றையும் கணக்கிட்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ஆறு நிமிடத்துக்கு ஒரு ரயில்.

நான் போகும் நேரம் அதுவா? படிவத்தில் ‘வேலை நேரம்’ என்ற கட்டத்தில் ஷிஃப்ட் என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு யாரும் ஒரு போன் செய்து கேட்கவில்லை. ரயில்பக்கத்துக்கு 52 நிமிடம் என்று போட்டிருந்தது. காலை ஷிஃப்டுக்கு நான் பிடிக்க வேண்டிய ரயில் 5.10. அதை விட்டால் அடுத்தது 5.45, அதில் ஏறினால் ஆறரைக்கு நான் ஆய்வகத்தில் இருக்க மாட்டேன். இரவு இன்னும் மோசம். பத்து மணிக்கு ஷிஃப்ட் முடிந்தாலும் பாதியில் நிற்கும் சாம்பிள்களை அடுத்தவரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து போட 10.15 ஆகிவிடும். அங்கிருந்து நிலையத்துக்கு நடை பன்னிரண்டு நிமிடம். 10.20 ரயில் என் கண்ணெதிரே கூடப் போகாது, அதற்கு முன்பே போயிருக்கும். அடுத்தது 11.10. 52 நிமிடம் என்று அச்சிட்ட பயணம் எனக்கு இரண்டு மணி நேரம்.

வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தை இவர்கள் போடும் விதத்தையும் சொல்ல வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் சராசரி காத்திருப்பு பத்து நிமிடம் என்று பாதியாக்கி விடுகிறார்கள். வண்டிகள் சீராக வந்தால் அது சரி. முன்னே பின்னே வந்தால் காத்திருப்பு பாதியைவிடக் கூடும், ஏனென்றால் நீண்ட இடைவெளியில்தான் நிறையப் பேர் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். இதை ஆலோசகரிடம் சொன்னபோது மறுக்காமல் கேட்டுக்கொண்டார். “மேடம், முக்கால்வாசிப் பேருக்கு ஒன்பது மணிக் கணக்கு போதும், அதனால அப்படியே ஓட்டுறோம்” என்றார். நேர்மையான பதில்தான். நர்ஸ், காவலர், ஓட்டுநர், அச்சகத்தில் இரவு வேலை பார்ப்பவர், இவர்களெல்லாம் அந்த மீதிக் கால்வாசியில் இருக்கிறோம். நகரத்தைவிட்டு வெளியே குடிபோக வேண்டிய நெருக்கடி எங்களுக்குத்தான் அதிகம்.

இவ்வளவு தூரம் பயண நேரத்தையே பிடித்துக்கொண்டு பேசுவதற்குக் காரணம் உண்டு. ஜெர்மனியில் பல ஆண்டுகளாகத் திரட்டிய குடும்ப ஆய்வுத் தரவை வைத்து அலோயிஸ் ஸ்டுட்ஸர், புரூனோ ஃப்ரே என்ற இருவர் 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தூரத்திலிருந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு வாடகை மிச்சமோ கூடுதல் சம்பளமோ கிடைத்து அது சரிக்கட்டி விடும் என்பதுதான் பொருளாதாரக் கணக்கு. தரவில் அப்படி இல்லை. பயணம் நீள நீள, மக்கள் தங்கள் வாழ்க்கையில் திருப்தி குறைவு என்றே சொல்லியிருக்கிறார்கள். வீடு பார்க்கும்போது கூடுதலாகக் கிடைக்கும் ஓர் அறை கண்ணுக்குத் தெரிகிறது, நிலையத்தில் நிற்கப்போகும் ஐம்பது நிமிடம் தெரிவதில்லை. அந்த ஐம்பது நிமிடத்தைக் கண்ணில் காட்டுவதற்குத்தான் இப்படி ஒரு சேவை வேண்டும்.

ஏரிப்பக்கத்துக்கு வருகிறேன். எங்கள் நாலு பேருக்கும் பிடித்த ஊர் இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூட்டிப்போனார்கள். அகலமான தெரு, இரண்டு பக்கமும் மரம், ஏரியிலிருந்து காற்று. வீடு நாங்கள் இருந்ததைப்போல ஒன்றரை மடங்கு. மகள் எந்த அறை தனக்கு என்று முடிவே செய்துவிட்டாள். அறிக்கையில் ‘வெள்ள அபாயம்: குறைவு’ என்று பச்சை நிறத்தில் போட்டிருந்தது.

மறு வாரம் செவ்வாய்க்கிழமை, நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள், நானும் கணவரும் மட்டும் சொல்லாமல் போனோம். தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. எனக்கு ஒருவிதத்தில் ஏமாற்றமாகக்கூட இருந்தது, தேவையில்லாமல் சந்தேகப்பட்டோமோ என்று. அப்போதுதான் மின் மீட்டர் பெட்டிகளைக் கவனித்தேன். பக்கத்துத் தெருவில் எல்லாம் நெஞ்சு உயரத்தில் இருந்த பெட்டி, இந்தத் தெருவில் வரிசையாக எல்லா வீட்டிலும் என் தலைக்கு மேலே. கீழே பழைய இடத்தில் நாலு ஆணித் துளையும், சதுரமாக வெளுத்த சுவரும் அப்படியே இருந்தன. தண்ணீர் மோட்டாருக்குக் கீழே செங்கல்லை அடுக்கி இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டியிருந்தார்கள். காம்பவுண்டுச் சுவரில் முழங்கால் அளவுக்குப் பெயின்ட் உரிந்து, அதற்கு மேல் ஒரு கோடு பிடித்தாற்போல வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரலால் தொட்டேன், மாவு மாதிரி ஒட்டியது.

எதிர் வீட்டு வாசலில் நின்றிருந்த பெரியவர் நாங்கள் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

“வீடு பாக்க வந்தீங்களாம்மா?”

“ஆமாங்க ஐயா. இந்த மீட்டரெல்லாம் ஏன் இவ்வளவு உயரத்துல இருக்கு?”

“இங்க இறங்குன தண்ணி போறதுக்கு ரெண்டு நாள் ஆகும்மா. கரண்ட்டோட விளையாட முடியுமா?” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவருக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை, பழகிப்போயிருந்தது.

அறிக்கை பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரியவில்லை. நில உயரத்துக்கு இவர்கள் எடுத்தாண்டது 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் ரேடார் வைத்து அளந்த தரவு. இலவசமாகக் கிடைப்பது, உலகத்தின் பெரும்பகுதிக்கு இருப்பது, பெரிய சாதனைதான். ஆனால் ஏறக்குறைய முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளி, உயரத்திலோ சில மீட்டர் பிழை சாதாரணம். ஒரு தெரு அடுத்த தெருவைவிட அரை மீட்டர் தாழ்ந்திருந்தால் அதில் எப்படித் தெரியும்? தண்ணீருக்கு அந்த அரை மீட்டர் போதும். வீட்டுக்கு வந்து கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பார்த்தோம். எங்கள் மகள் தேர்ந்தெடுத்த அறை இருக்கும் இடம், முந்தைய படங்களில் ஏரியின் ஓரமாக, நாணல் முளைத்த கரும்பச்சைத் திட்டாக இருந்தது. இது இலவசம், ஐந்து நிமிட வேலை. முப்பத்தாறு பக்கத்தில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாம்.

‘நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்’ என்ற சொல்லையும் ஆலோசகர் ஒருமுறை ஆறுதலாகச் சொன்னார். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. எந்த ஓர் ஆண்டை எடுத்தாலும் அதில் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான். முப்பது வருஷக் கடனில் வீடு வாங்கினால், கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வர ஏறக்குறைய 26 சதவீதம் வாய்ப்பு. நாலில் ஒன்று! ஏரிப்பக்கம் அன்றோடு முடிந்தது. மகள் இரண்டு நாள் பேசவில்லை.

தண்ணீரைப் பற்றி அறிக்கையில் இரண்டே வரி: ‘நிலத்தடி நீர் உண்டு, விநியோகம் சீர்.’ என் தொழிலுக்கு இது போதாது. பார்த்த ஒவ்வொரு வீட்டிலும் குழாயைத் திறந்து இரண்டு நிமிடம் ஓடவிட்டு, கழுவின பாட்டிலில் பிடித்து, தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் கையடக்க டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தேன். சாலைப்பக்கத்தில் 1,180. ரயில்பக்கத்தில் 540. லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் குடிக்க நன்றாக இருக்கும், 1,000-ஐத் தாண்டினால் சுவை கெட்டுக்கொண்டே போகும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. ஒன்று மறக்கக்கூடாது: இந்த மீட்டர் கரைந்திருக்கும் உப்பைத்தான் சொல்லும், கிருமியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதற்கு ஆய்வகத்தில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும், நான் கொடுத்துப் பார்த்தேன். சாலைப்பக்கத்தில் குளியலறைக் குழாயின் வாயில் கட்டியிருந்த வெள்ளைப் படிவம் நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. அதைப் பார்த்தபின் மீட்டரே தேவைப்படவில்லை.

பள்ளிக்கூடங்களைப் பற்றிய பக்கங்கள் நன்றாகவே இருந்தன, குறை சொல்ல எதுவும் இல்லை.

அறிக்கையில் ‘15 நிமிட நகரம்’ என்று ஒரு பகுதி இருந்தது. கார்லோஸ் மொரேனோ என்பவர் 2016-ல் முன்வைத்த யோசனை அது: கடை, மருத்துவம், படிப்பு, பூங்கா எல்லாம் நடந்தோ சைக்கிளிலோ பதினைந்து நிமிடத்தில் எட்ட வேண்டும். நல்ல யோசனை. யாருடைய நடையில் பதினைந்து நிமிடம் என்பதில்தான் எனக்கும் ஆலோசகருக்கும் தகராறு. அவர்கள் கணக்கு மணிக்கு ஐந்து கிலோமீட்டர், அதாவது பதினைந்து நிமிடத்தில் 1,250 மீட்டர். அம்மாவை அழைத்துக்கொண்டு எங்கள் பழைய தெருவில் 400 மீட்டர் நடந்து பார்த்தேன், பதினொரு நிமிடம். நடுவில் ஒருமுறை கடை வாசல் படியில் உட்கார்ந்தார், அதையும் சேர்த்துத்தான். அந்த வேகத்தில் அம்மாவின் பதினைந்து நிமிடம் 550 மீட்டரைக்கூடத் தொடாது. ரயில்பக்கத்தின் வரைபடத்தில் அந்த அளவுக்கு ஒரு வட்டம் போட்டேன். அறிக்கை எண்ணிச் சொன்ன பதினாலு இடங்களில் மூன்று மட்டும் உள்ளே நின்றன. நிலையத்தின் மேம்பாலத்துக்கு 44 படி, லிஃப்ட் இல்லை என்பதையும் அறிக்கை சொல்லவில்லை. படிகளை அம்மா கீழே நின்றபடியே எண்ணிவிட்டு, “நீங்க போங்க, நான் இங்கேயே நிக்கறேன்” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு வலித்தது. இந்த ஊருக்கு வந்தால் அம்மா பாதை தாண்டி அந்தப் பக்கம் போகவே மாட்டார் என்று அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்துவிட்டது.

ஆக மூன்றும் போயிற்று. அப்படியானால் பணம் வீணா என்றால், இல்லை. மறுபடியும் அந்த ஐந்தாம் பக்கத்துக்குத்தான் போனோம். வரைபடத்தில் ரயில்பக்கத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னால், இரண்டு பாதைகள் சேரும் இடத்தில், புள்ளி ஒன்று இருந்தது. சந்திப்பு நிலையம். கணவர் இரண்டு பாதைகளின் நேர அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு பாதையில் 10.20-க்கு அப்புறம் 11.10 என்றால், இன்னொரு பாதையில் 10.42-க்கு ஒன்று. இரண்டும் அந்த நிலையத்தில் நிற்கும். காலையிலும் 5.10-ஐத் தவிர 5.24 கிடைக்கும். வீடுகள் சின்னவை, நாங்கள் படிவத்தில் கேட்ட அளவுக்கு ஓர் அறை குறைவு. அந்த ஒரு காரணத்துக்காக ஆலோசகர் இதை வடிகட்டிவிட்டிருந்தார். போன் செய்து கேட்டபோது, கூடுதல் கட்டணம் வாங்காமல் இரண்டே நாளில் இந்த ஊருக்கும் நாலு பக்கம் எழுதி அனுப்பினார். அதைச் சொல்லாமல் விடுவது தவறு.

இந்த முறை நாங்களே நேரம் குறித்துப் போனோம். ஒரு வியாழக்கிழமை காலை 5.10-க்கு அந்த நிலையத்து நடைமேடையில் நின்றேன். விளக்குகள் எரிந்தன, எனக்கு முன்னால் பதினைந்து இருபது பேர், அதில் பாதிப் பேர் பெண்கள், ஒருத்தி என்னைப் போலவே வெள்ளைக் கோட்டை மடித்துப் பைக்குள் வைத்திருந்தாள். இரவு 11.20-க்கு இறங்கி வீட்டுத் தெருவரை நடந்தேன், கணவர் ஐம்பது அடி பின்னால் வந்தார். இரண்டு கடை திறந்திருந்தது, ஒரு திருப்பத்தில் மட்டும் இருட்டு. அம்மாவை ஒரு சாயங்காலம் கூட்டிவந்து விட்டோம். நூலகம் 380 மீட்டர். தானே போய், உறுப்பினர் படிவம் ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

குடிவந்தபின் நாற்பது வேலை நாளுக்குப் பயண நேரத்தை நோட்டில் குறித்து வைத்தேன். அறிக்கை சொன்னது 47 நிமிடம். என் சராசரி 58. எனக்கு உதவியது சராசரியைவிட இன்னொரு எண். போக்குவரத்துத் திட்டமிடுபவர்கள் இருபது நாளில் பத்தொன்பது நாள் எத்தனை நிமிடத்துக்குள் போய்ச் சேருகிறோம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நேரத்துக்குக் கையெழுத்து போட வேண்டியவருக்கு அதுதான் உண்மையான பயண நேரம். எனக்கு அது 76 நிமிடம். நான் வீட்டை விட்டுக் கிளம்புவது அதை வைத்துத்தான். அறிக்கையில் ஒவ்வோர் ஊருக்கும் இந்த எண்ணைப் போட்டிருந்தால் ரயில்பக்கத்துக்காக நாங்கள் அலைந்த மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

வரைபடத்துக்கும், கேட்டபோது மறுக்காமல் உதவிய ஆலோசகருக்கும் சேர்த்து ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். ஒன்பது மணிக்கு அலுவலகம், வீட்டில் முதியவர்கள் இல்லை என்றால் உங்களுக்கு நாலு என்று வைத்துக்கொள்ளலாம். ஷிஃப்ட் வேலைக்காரர்கள் எடுப்பதானால் பணம் கட்டுவதற்கு முன்பே இரண்டு விஷயத்தை எழுதிக் கேட்டு வாங்குங்கள். பயண நேர வரைபடத்தை உங்கள் ஷிஃப்ட் நேரத்துக்குத் தனியாகப் போட்டுத் தர வேண்டும். நேரில் கூட்டிப்போகும் இரண்டு நாளில் ஒன்று வேலை நாள் இரவாக இருக்க வேண்டும். பிறகு விசாரித்தபோது இரண்டையும் செய்து தருவோம் என்றுதான் சொன்னார்கள். அவர்கள் படிவத்தின் நாற்பது கேள்விகளில் அதைக் கேட்கும் கேள்வி இன்னும் சேர்க்கப்படவில்லை.